குட்டி ரயில் தந்த கணக்கர்



ரயில் நிலையத்தில் டீசல் என்ஜின் ஒன்று உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பல தடங்களில் மின்சார என்ஜின்கள் வந்துவிட்டாலும், அந்த உறுமலுக்கு ஒரு தனிக் கம்பீரம் உண்டு. அடுத்த முறை பார்க்கும்போது சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். பக்கவாட்டில் காற்றுப் போக வர கம்பித் தடுப்புகள் இருக்கும். ஓட்டுநர் ஏறும் படி, பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, முன்விளக்கு, எண் என்று எத்தனையோ இருக்கும்.

இவ்வளவையும் ஒன்று விடாமல், ஒரு சாண் நீளத்துக்குள் செய்து காட்ட முடியுமா? முடியும். மாதிரி ரயில் செய்வதும் சேர்ப்பதும் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. புதிய டீசல் என்ஜின் மாதிரி ஒன்று வரப்போகிறது என்று நிறுவனம் அறிவித்தால் போதும். தீபாவளிச் சட்டைக்கு நீங்கள் காத்திருப்பதுபோல, தாத்தாமார்கள்கூட மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். வந்ததும் உண்மை என்ஜினின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பார்கள். ஜன்னல் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் விடமாட்டார்கள்!

இந்தக் குட்டி ரயில்களை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் ஹார்ன்பி. அவர் பொறியியல் படித்தவர் அல்லர். ஓர் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

தோற்றுப்போன சிறுவன்

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் 1863ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி ஹார்ன்பி பிறந்தார். தந்தை மளிகைப் பொருள் வியாபாரி. பள்ளிப் படிப்பில் ஹார்ன்பிக்கு அவ்வளவு நாட்டம் இல்லை. ஆனால், கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கையைப் படிப்பது என்றால் உயிர். அவர்களைப் போலவே தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. எரிபொருளே இல்லாமல் என்றென்றும் ஓடும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முயன்றார். அப்படி ஓர் இயந்திரம் இயற்கையின் விதிப்படி நடக்காத காரியம் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படிப்பீர்கள். நீர்மூழ்கிக் கப்பல் செய்து பார்த்தார். அதுவும் சரிவரவில்லை.

16 வயதில் பள்ளியை விட்டுவிட்டுத் தந்தையின் கடையில் காசாளராக உட்கார்ந்தார். 1887இல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு மகன்களும், பாட்ரீஷியா என்ற மகளும் பிறந்தனர். 1899இல் தந்தை இறந்ததும் கடை மூடப்பட்டது. வேறு வழியில்லாமல், எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 36 வயது. சிறு வயது ஆசைகள் எல்லாம் கணக்குப் புத்தகத்துக்குள் புதைந்துபோயின என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அரை அங்குல ரகசியம்

மாலையில் வீடு திரும்பியதும், மகன்களுக்குத் தகட்டை வெட்டிப் பாலம், பளுதூக்கி என்று பொம்மைகள் செய்து தருவது அவர் வழக்கம். இதில் ஒரு தொல்லை இருந்தது. பாலத்துக்கு வெட்டிய துண்டு பளுதூக்கிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாக வெட்ட வேண்டும்.

ஒருநாள் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. எல்லாத் துண்டுகளும் எல்லாப் பொம்மைகளுக்கும் பொருந்தினால் என்ன? அரை அங்குல அகலத்தில் உலோகப் பட்டைகளை வெட்டினார். அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டார். எந்தத் துளையையும் எந்தத் துளையோடும் திருகாணி கொண்டு இணைக்கலாம். இன்று பாலம் செய்து, நாளை அதைப் பிரித்து வண்டி செய்யலாம்!

இதற்குக் காப்புரிமை வாங்கப் பணம் வேண்டும். கணக்கரின் சம்பளத்தில் அது எப்படி முடியும்? முதலாளி எலியட்டிடம் தயங்காமல் 5 பவுண்டு கடன் கேட்டார். அவரும் கொடுத்தார். 1901இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால், பொம்மை செய்யும் நிறுவனங்கள் எதுவும் முன்வரவில்லை. துளை போட்ட தகடுகளைப் பார்த்து, இது ஒரு பொம்மையா என்று ஒதுக்கிவிட்டன.

ஹார்ன்பி சோர்ந்துவிடவில்லை. வேறு இடங்களில் பாகங்களைச் செய்து வாங்கி, தானே பெட்டியில் அடுக்கி விற்கத் தொடங்கினார். எலியட் பங்குதாரர் ஆனார். லிவர்பூலில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெலி ஷா அந்தப் பெட்டியைப் பார்த்துப் பாராட்டிக் கடிதம் கொடுத்தார். அது பெரிய பலமாக அமைந்தது. 1907இல் அந்த விளையாட்டுச் சாமானுக்கு மெக்கானோ என்று பெயர் பதிவானது. 1908இல் மெக்கானோ நிறுவனம் பிறந்தது. எலியட் அதில் சேரவில்லை. எனவே ஹார்ன்பி முழுப் பொறுப்பையும் தன் தோளில் ஏற்றுக்கொண்டார். 1914இல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலையே எழுந்தது.

ஒரே என்ஜின், மூன்று சட்டை

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் குழந்தைகளின் பொம்மை ரயில்களில் பெரும்பாலானவை ஜெர்மனியில் இருந்து வந்தவை. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் அவை நின்றுபோயின. போர் முடிந்த பிறகு, 1920இல் ஹார்ன்பி தன் முதல் ரயிலை வெளியிட்டார். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் அது. மெக்கானோவைப் போலவே திருகாணிகளால் பூட்டப்பட்டது. பிரித்து மீண்டும் சேர்க்கலாம்.

ஆனால் ஒரு குறை. அப்போது இங்கிலாந்தில் பல ரயில்வே கம்பெனிகள் இருந்தன. ஒவ்வொன்றின் என்ஜினும் ஒவ்வொரு வடிவம். ஹார்ன்பியின் ரயிலோ ஒரே வடிவம்தான். அதற்கே கறுப்பு, பச்சை, சிவப்பு என்று வண்ணம் மாற்றி, வெவ்வேறு கம்பெனியின் பெயரில் விற்றார்கள். ஒரே பையன் மூன்று பள்ளிச் சீருடைகளைப் போட்டுக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்!

இதற்குக் காரணமும் இருந்தது. பல வடிவம் என்றால் பல அச்சுகள் வேண்டும். விலை ஏறும். வீட்டுக் கூடத்தில் போடும் தண்டவாளம் சட்டென்று வளையும். உண்மை என்ஜின் போல நீளமாகச் செய்தால் அந்த வளைவில் திரும்பாது. குழந்தையின் கைக்கு எட்டும் விலையா, உண்மை போன்ற தோற்றமா? இரண்டையும் ஒரு தராசில் வைத்து ஹார்ன்பி நிறுவனம் மெல்ல மெல்ல முன்னேறியது. 1929இல், அன்றிருந்த நான்கு பெரிய ரயில்வே கம்பெனிகளுக்கும் வெவ்வேறு வடிவத்தில் நான்கு என்ஜின்களை வெளியிட்டது. ஒவ்வொன்றும் உண்மையாகவே ஓடிய ஒரு வகை என்ஜினைப் பார்த்துச் செய்தது.

1925 முதல் ஹார்ன்பி ரயில்களுக்கென்றே ஆண்டுதோறும் ஒரு வண்ணப் புத்தகம் வந்தது. இந்த ஆண்டு எந்தப் புதிய என்ஜின் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள அதைப் புரட்டிய சிறுவர்களுக்குக் கணக்கே இல்லை. அக்காலத்து விளம்பரங்கள் பையன்களிடம் மட்டும்தான் பேசின. பெண் குழந்தைகளுக்கும் திருகாணி முடுக்கத் தெரியும் என்பதை அன்று பலர் நினைத்துப் பார்க்கவில்லை. அது அந்தக் காலத்தின் பிழை.

ஹார்ன்பி 1931இல் எவர்ட்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி, 73ஆம் வயதில் காலமானார்.

அவர் பார்க்காத ரயில்கள்

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938இல், டப்ளோ என்ற இன்னும் சிறிய ரயில் வந்தது. உண்மையில் ஓர் அடி இருப்பது இதில் 4 மில்லிமீட்டர். அதாவது 76இல் ஒரு பங்கு.

பென்சிலை எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். இங்கிலாந்தில் உண்மைத் தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அதை 76ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18.9 வருகிறது. ஆனால் டப்ளோ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான்! கணக்கு எங்கே உதைக்கிறது? இங்கிலாந்து என்ஜின்கள் உருவத்தில் சிறியவை. சரியான அளவில் சுருக்கினால் அக்கால மோட்டார் உள்ளே அடங்காது. எனவே தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, மேல்பகுதியை மட்டும் சற்றுப் பெரிதாக்கினார்கள். இன்றும் பெரும்பாலான பிரிட்டிஷ் மாதிரி ரயில்கள் இந்தச் சிறு பிழையோடுதான் ஓடுகின்றன. சில ஆர்வலர்கள் பொறுக்க முடியாமல், தாங்களே சரியான அளவில் தண்டவாளம் செய்துகொள்கிறார்கள்.

1955இல், நீராவி என்ஜின்களுக்குப் பதிலாக டீசல், மின்சார என்ஜின்களைக் கொண்டுவரும் திட்டத்தை பிரிட்டிஷ் ரயில்வே அறிவித்தது. 1957இல் டி8000 என்ற டீசல் என்ஜின் ஓடத் தொடங்கியது. ஒரு முனையில் மட்டும் ஓட்டுநர் அறையும், முன்னால் நீண்ட மூக்கும் கொண்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் மாதிரி ஹார்ன்பி டப்ளோவாகக் கடைக்கு வந்துவிட்டது. நிலையத்தில் புது டீசலைப் பார்த்துவிட்டு வந்த சிறுவன், அதையே தன் வீட்டு மேசையில் ஓட்டினான்! உண்மை என்ஜினின் நீளம் 14 மீட்டருக்குச் சற்று அதிகம். சரியாகச் சுருக்கினால் மாதிரி எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும்? நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த டி8000 என்ஜின் இங்கிலாந்தின் தேசிய ரயில்வே அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. மெக்கானோ நிறுவனம் 1964இல் கைமாறியது. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஆனால் ஹார்ன்பி என்ற பெயரில் இன்றும் புதிய மாதிரிகள் வந்துகொண்டிருக்கின்றன. உண்மை என்ஜினை லேசர் கதிரால் அளந்து மாதிரி செய்யும் காலம் இது. இருந்தும், கூர்ந்து பார்க்கும் கண் இல்லாவிட்டால் பிழை தெரியாது.

குழந்தைகளே, வீட்டில் காலியான தீப்பெட்டிகளோ அட்டைப் பெட்டியோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த ஓர் என்ஜினையோ பேருந்தையோ அளவு மாறாமல் செய்து பாருங்கள். முதல் தடவை கோணலாகத்தான் வரும். ஹார்ன்பிக்கும் அப்படித்தான் வந்தது. எங்கே பிழை என்று கண்டுபிடித்து, மறுபடி வெட்டுங்கள். கத்தரிக்கோல் மட்டும் ஜாக்கிரதை!