முகங்களை அளந்த டாக்டர்!

டவுன் சிண்ட்ரோம்ல வர்ற 'டவுன்' என்பதற்கு 'கீழே'ன்னு அர்த்தம் இல்லைங்க. அது ஒரு டாக்டரோட பேரு. ஜான் லாங்டன் டவுன்.

1828-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். 14 வயசுலேயே பள்ளியை விட்டுட்டு அப்பா கடையில் நின்றார். பிறகு லண்டனில் மருத்துவம் படித்து, 1858-ல் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஏர்ல்ஸ்வுட் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே அடி உதைக்குத் தடை போட்டார். இருந்தவர்களை போட்டோ எடுத்தார். தலையையும் மேலண்ணத்தையும் அளந்தார். அப்போதான் கண்ணில் பட்டது... வேற வேற வீட்டுப் பிள்ளைங்க, ஆனா கூடப்பிறந்தவங்க மாதிரி ஒரே சாயல்! தட்டையான முகம், குட்டி மூக்கு. 1866-ல் கட்டுரையாக எழுதினார்.

எலும்புதான் விஷயம். முன்பின் நீளம் குறைந்த மண்டை ஓடு, முழுசா வளராத மேல்தாடை, சின்ன மூக்கெலும்பு. வாய்க்குள் இடம் கம்மி, தசையும் தளர்வு. அதனால்தான் நாக்கு வெளியே தெரியுது. இன்னிக்கு 11 முதல் 14 வாரக் கர்ப்பத்தில் ஸ்கேன் எடுக்கும்போது மூக்கெலும்பைத் தேடுறாங்களே, அதே சமாச்சாரம்தான்.

ஆனால், முகச்சாயலை வைத்து மங்கோலிய இனத்தின் பெயரைச் சூட்டினாரே, அது பெரிய சறுக்கல். நூறு வருஷம் ஒட்டிக்கிட்டிருந்த அந்தப் பெயரை, மங்கோலியா கேட்டுக்கொண்ட பிறகு 1965-ல்தான் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது.

1868-ல் மனைவி மேரியோடு டெடிங்டனில் நார்மன்ஸ்ஃபீல்டு இல்லத்தைத் தொடங்கினார். அங்கிருந்தவர்களுக்காக நாடக அரங்கமே கட்டினார். 1896-ல் மறைந்தார்.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு பேரன் பிறந்தான். அதே முகம், அதே குட்டி மூக்கு. தாத்தா பேரையே வெச்சாங்க... ஜான்.