மகுடத்தில் ஏறிய பெயர்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயமுத்தூர்க் கலாசாலையில் பயின்ற நாள்களில் எவரோடும் நட்புக் கொள்ளவில்லை. நானூறு மாணவரில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அந்தணர். பேச்சுக் கொடுத்தால் ஊர் கேட்பர். ஊரைச் சொன்னால் குலமும் வெளிப்பட்டுவிடும். ஆகவே, வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும், பின்வருவோர் எட்டாத வண்ணம் விரைந்து வீடு சேர்வார்.

பின்னர் நீலகிரிக்கு வந்து, ஐரோப்பிய வணிக நிலையத்தில் ஏறத்தாழப் பத்தாண்டு கணக்கராக இருந்தார். காப்பியும் தேயிலையும் சமவெளிச் சேரி மக்களைக் கூட்டங்கூட்டமாக மலையேற்றிய காலம் அது. அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதரும் அம்மலையில் வாழ்ந்து, அத்வைதானந்த சபை கண்டவரே. ஒடுக்கப்பட்டோரின் இதழியலுக்கு இவ்விருவரையும் தந்த பெருமை குளிர்மலைக்கு உண்டு.

1890இல் சீனிவாசன் சென்னை சேர்ந்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்க மாத இதழொன்றைத் தொடங்கினார். விலை இரண்டணா, அச்சிடப் பத்து ரூபாய் செலவு, இரண்டே நாளில் நானூறு பிரதிகள் விற்றன. கணக்கரல்லவா, இவற்றையெல்லாம் முதுமையிலும் மறவாமல் எழுதிவைத்தார். மூன்று மாதத்தில் இதழ் வாரந்தோறும் வரலாயிற்று. பின்னர்ச் சொந்த அச்சகமும் அமைந்தது.

இதழின் பெயர் ‘பறையன்’. கலாசாலையில் எச்சொல் காதில் விழுமோ என்று அஞ்சி ஓடினாரோ, அச்சொல்லையே மகுடமாகச் சூட்டினார். அவர் குலத்தாரிலேயே பலர் அப்பெயரைக் கூற நாணிய காலம். பெயரை மறைப்பவன் உரிமையை எப்படிக் கேட்பான் என்பது சீனிவாசனின் எண்ணம். பண்டிதர் இதற்கு உடன்படவில்லை. அது பகைவர் சூட்டிய பெயர். நம் மக்கள் பூர்வ பௌத்தர் என்பது அவர் துணிபு. அவர் 1907இல் தொடங்கிய வார இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. இழிசொல்லைக் கைப்பற்றுவதா, களைவதா என்னும் வழக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு இதழ்களாக உருக்கொண்டது. ஒருவரை வென்றவராகச் சொல்வதற்கில்லை. எனினும் முன்னவரின் துணிவு அரிது.

அப்பெயரோடு வம்பும் வந்தது. இந்தியாவிலேயே சிவில் சர்வீஸ் தேர்வு நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கேட்டபோது, உயர்பதவிகள் மேற்சாதியாரிடமே சென்று சேரும் என்று சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் ஒப்பமிட்ட, 112 அடி நீள விண்ணப்பம் இலண்டன் பாராளுமன்றத்துக்குச் சென்றது. தேசியவாதிகளுக்கு இது உவப்பாயிருந்திருக்க இயலாது. அவர் அஞ்சியதில் பொருளில்லை என்று இன்றும் சொல்லிவிட முடியுமா? 1896இல் அவதூறு வழக்கில் நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் மக்களே அதனைக் கட்டினர்.

1900இல் அவர் கடல் கடக்க, இதழ் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தாயகம் திரும்பிய பின் 1923 முதல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாடுகள். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பம். இவையெல்லாம் பலரும் அறிந்தவையே.

1945 செப்டம்பர் 18இல் மறைந்தார். அதற்கு ஆறாண்டு முன்னர், 1939இல், தம் வரலாற்றைச் சிறுநூலாகச் சுருக்கி வெளியிட்டார். திவான் பகதூர் பட்டம் பெற்ற முதியவர், கலாசாலை விட்டு வீட்டுக்கு விரைந்த அந்தச் சிறுவனை அதிலிருந்து நீக்கிவிடவில்லை.