சாமுவேல் வூஸ்டர்

சாமுவேல் ஆஸ்டின் வூஸ்டர் (ஜனவரி 19, 1798 – ஏப்ரல் 20, 1859) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கிறித்தவ மறைப்பணியாளர், மொழிபெயர்ப்பாளர், அச்சாளர் ஆவார். செரோக்கீ பழங்குடியினரை அவர்களது முன்னோர் நிலத்திலிருந்து அப்புறப்படுத்த ஜார்ஜியா மாநிலம் முற்பட்டபோது அவர்கள் பக்கம் நின்று சிறை சென்றவர். இவர் தொடுத்த வழக்கில் 1832 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பழங்குடியினரின் இறைமை பற்றிய அமெரிக்கச் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமை

வூஸ்டர் வெர்மான்ட் மாநிலத்தின் பீச்சம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லெனார்டு வூஸ்டர் ஒரு போதகர். அச்சுத் தொழிலும் அறிந்தவர். அத்தொழிலை மகனும் தந்தையிடமே கற்றார். 1819 இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் பயின்றார். ஆன் ஓர் என்பவரை மணந்து, 1825 இல் அமெரிக்க மிசன் சபையின் சார்பில் டென்னசியிலிருந்த பிரைனெர்டு மிசனுக்குச் சென்றார். யாழ்ப்பாணத்தில் 1816 இல் பணி தொடங்கி வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் நிறுவியதும் இதே சபைதான்.

செரோக்கீ எழுத்தும் அச்சகமும்

செகோயா என்ற செரோக்கீயர் 1821 அளவில் தம் மொழிக்கு எழுத்துமுறை ஒன்றை உருவாக்கியிருந்தார். ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்ற முறையில் அமைந்த அது, நமது உயிர்மெய் எழுத்துகளை நினைவூட்டக்கூடியது. சில ஆண்டுகளுக்குள் செரோக்கீயரிடையே எழுத்தறிவு வியக்கத்தக்க வேகத்தில் பரவியது. இவ்வெழுத்துகளை உயிரொலி வரிசைப்படி அட்டவணையாக ஒழுங்குபடுத்தியவர் வூஸ்டர். அச்செழுத்துகள் பாஸ்டன் நகரில் வார்க்கப்பட்டன. 1827 இல் வூஸ்டர் குடும்பம் செரோக்கீ தலைநகரான நியூ எக்கோட்டாவில் குடியேறியது. எலியாஸ் பவுடினாட் என்னும் செரோக்கீ இளைஞரை ஆசிரியராகக் கொண்டு, 1828 பெப்ரவரி 21 அன்று செரோக்கீ பீனிக்ஸ் இதழ் இரு மொழிகளில் வெளிவந்தது. இவ்வெழுத்துமுறை 1999 இல் ஒருங்குறியில் இடம்பெற்றது.

வெளியேற்ற முயற்சியும் கைதும்

செரோக்கீயர் 1827 இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு ஒன்றை ஏற்று, தம்மைத் தனி நாட்டினராக அறிவித்தனர். அடுத்து அவர்கள் நிலத்தில் தங்கம் கண்டறியப்படவே, ஜார்ஜியாவின் நெருக்குதல் கடுமையாகியது. 1830 மே 28 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் பழங்குடியினர் அகற்றல் சட்டத்தில் கையெழுத்திட்டார். செரோக்கீ நாடு தானே தொடுத்த வழக்கு 1831 இல் தள்ளுபடியாயிற்று. அது அயல்நாடு அன்று, எனவே உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்காட இயலாது என்பது காரணம்.

இதற்கிடையில் ஜார்ஜியா புதிய சட்டமொன்றை இயற்றியிருந்தது. செரோக்கீ நிலத்தில் வாழும் வெள்ளையர் 1831 மார்ச் 1 முதல் மாநிலத்துக்கு விசுவாச உறுதிமொழி அளித்து உரிமம் பெறவேண்டும், தவறினால் சிறை. செரோக்கீயருக்கு ஆலோசனை கூறி எதிர்ப்பைத் தூண்டுவோர் மிசனரிகளே என மாநில அரசு நம்பியது. வூஸ்டர் உறுதிமொழி அளிக்க மறுத்தார். அளித்தால் அந்நிலத்தின்மீது ஜார்ஜியாவுக்கு அதிகாரம் உண்டென ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மார்ச்சில் கைதானவர், நியூ எக்கோட்டாவின் அஞ்சல் அதிபர் என்பதால் நடுவண் அரசு ஊழியராகக் கருதப்பட்டு விடுவிக்கப்பட்டார். ஆளுநர் கில்மர் அப்பதவியைப் பறிக்கச் செய்தார். சூலையில் மீண்டும் கைது. கைதிகளைச் சங்கிலியிட்டு நெடுந்தூரம் நடத்திச் சென்றனர். பிணையில் வந்த வூஸ்டர் மாநில எல்லைக்கு வெளியே தங்கியிருந்தபோது, ஆகஸ்டில் அவரது கைக்குழந்தை நியூ எக்கோட்டாவில் இறந்தது. மனைவியைத் தேற்ற வீடு திரும்பியவரைக் காவற்படையினர் மறுபடியும் பிடித்து, காரணம் அறிந்தபின் விட்டனர்.

செப்டம்பரில் 11 பேருக்கு 4 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஒன்பது பேர் மன்னிப்பை ஏற்று வெளியேறினர். வூஸ்டரும் மருத்துவ மிசனரி எலைசர் பட்லரும் மறுத்து மில்லட்ஜ்வில் சிறைக்குச் சென்றனர். இம்மறுப்பு வெறும் பிடிவாதமன்று. செரோக்கீ நாடு நுழைய முடியாத நீதிமன்றத்தில், தண்டனை பெற்ற அமெரிக்கக் குடிமகன் ஒருவர் மேல்முறையீடு செய்யலாம். அவர்கள் மன்னிப்பை ஏற்றிருந்தால் வழக்கே இல்லாது போயிருக்கும்.

தீர்ப்பு

1832 மார்ச் 3 அன்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். செரோக்கீ நாடு தனக்கென எல்லையுடைய தனிச் சமூகம். ஜார்ஜியாவின் சட்டங்கள் அங்குச் செல்லா. கைதுகள் செல்லாதவை என்பது அதன் சாரம். ஜார்ஜியா கைதிகளை விடவில்லை. மார்ஷலே தம் தீர்ப்பைச் செயற்படுத்திக் கொள்ளட்டும் என ஜாக்சன் கூறியதாக வழங்கும் கூற்று நம்பத்தக்கதன்று. ஆயினும் தீர்ப்பு கிடப்பில் கிடப்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

1832 இறுதியில் தென் கரோலினா நடுவண் சட்டங்களை ஏற்க மறுத்து நெருக்கடியை உண்டாக்கியது. ஜார்ஜியாவும் அதனுடன் சேர்ந்துவிடும் என்ற அச்சத்தில் சமரசத்துக்கு முயன்றனர். வழக்கை மேற்கொண்டு நடத்துவதில்லை என வூஸ்டரும் பட்லரும் தெரிவிக்க, ஆளுநர் லம்ப்கின் 1833 ஜனவரி 14 அன்று அவர்களை விடுவித்தார். 16 மாதம் சிறையிலிருந்தவர்களைக் குறைகூறுவது எளிதன்று. எனினும் செரோக்கீயர் பலருக்கு இது ஏமாற்றமே. ஜார்ஜியா அவர்கள் நிலத்தை முன்னரே குலுக்கல் முறையில் வழங்கத் தொடங்கியிருந்தது. வூஸ்டரின் வீடும் அவ்வாறே இன்னொருவர் கைக்குப் போக, 1834 இல் குடும்பம் வெளியேறியது.

மேற்கில்

1835 டிசம்பர் 29 அன்று பவுடினாட் உள்ளிட்ட சிறு குழுவினர், நிலத்தை விட்டுக்கொடுக்கும் நியூ எக்கோட்டா உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். தலைவர் ஜான் ராஸும் பெரும்பான்மை மக்களும் எதிர்த்தபோதிலும், செனட் ஒரேயொரு வாக்கு மிகையால் அதை உறுதிசெய்தது. 1838–39 இல் ஏறத்தாழ 16,000 செரோக்கீயர் படையினரால் மேற்கே துரத்தப்பட்டனர். கண்ணீர்த் தடம் எனப்படும் அப்பயணத்திலும் தடுப்பு முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது.

வூஸ்டர் 1835 இலேயே இன்றைய ஒக்லகோமாப் பகுதிக்குச் சென்று, பார்க் ஹில் என்னுமிடத்தில் அச்சகம் நடத்தினார். உடன்படிக்கையை அவர் ஏற்கவில்லை. ஆனால் பவுடினாட்டுடன் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். இதனால் செரோக்கீயர் சிலரின் ஐயத்துக்கும் ஆளானார். 1839 சூன் 22 அன்று உடன்படிக்கையின் எதிர்ப்பாளர்கள் பவுடினாட்டைக் கொன்றனர். ஓராண்டில் ஆன் மறைந்தார். வூஸ்டர் 1859 இல் இறக்கும்வரை செரோக்கீ மொழியில் விவிலியப் பகுதிகளையும் பஞ்சாங்கங்களையும் அச்சிட்டு வந்தார்.

பிற்காலம்

நியூ எக்கோட்டாவின் கட்டடங்களுள் அதே இடத்தில் எஞ்சியிருப்பது வூஸ்டரின் வீடு மட்டுமே. 1992 இல் ஜார்ஜியா இருவருக்கும் மன்னிப்பு வழங்கியது. உயிரோடிருந்தபோது அவர்கள் ஏற்க மறுத்தது அது. 2022 இல் ஒக்லகோமா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மையினர், மார்ஷலின் நிலைப்பாட்டைப் பிற்காலத் தீர்ப்புகள் கைவிட்டுவிட்டதாகக் கூறினர். நீதிபதி நீல் கோர்சச் தமது மாறுபட்ட தீர்ப்பை வூஸ்டர் கைதான நிகழ்விலிருந்தே தொடங்கினார்.