அணுவைக் கையில் கொடுத்த ஆசிரியர்

இன்று பள்ளிச் சிறுவர் கையில் வண்ண உருண்டைகளைக் கொடுத்து, அவற்றைக் கோக்கச் செய்து, தண்ணீரின் மூலக்கூறு இதுதான் என்று காட்டுகிறோம். கண்ணுக்குப் புலப்படாத அணுவை இவ்வாறு எண்ணிப் பார்க்கவும் எடைபோடவும் வழி வகுத்தவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே வாழ்ந்த ஓர் எளிய ஆசிரியர். அவரே ஜான் டால்ட்டன்.

இங்கிலாந்தின் வடபால் ஈகிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில், 1766-ஆம் ஆண்டில், நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டாம் வயதிலேயே பள்ளி நடத்தத் தொடங்கினார். மாணவருள் சிலர் ஆசிரியரைவிட மூத்தவர்! குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்தது. ஆங்கிலத் திருச்சபையைச் சாராதவர்க்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பட்டம் வழங்காத காலம் அது. பல்கலைக் கழக வாயில் அடைபட்டவருக்குக் கற்பித்தலே கல்வியாயிற்று. 1781-இல் கெண்டல் நகரில் தமையனோடு ஆசிரியரானார். 1793-இல் மான்செஸ்டர் சென்று கல்லூரியொன்றில் கணிதம் கற்பித்தார். 1800-இல் அதனை விட்டபின், வீட்டுப் பாடமே அவருக்குச் சோறிட்டது.

1787-இல் தொடங்கிய வானிலைக் குறிப்பை இறுதிவரை அவர் விடவில்லை. காற்றும் நீராவியும் எவ்வாறு கலந்து நிற்கின்றன என்ற வினாவே அவரை அணுவினிடம் அழைத்துச் சென்றது. ஹைட்ரஜனின் எடையை 1 எனக் கொண்டு, 1803-இல் மற்ற அணுக்களின் எடைகளை வகுத்தார். 1808-இல் வெளிவந்த நூலில் அணுக்களை வட்டங்களாக வரைந்தார்: புள்ளியிட்ட வட்டம் ஹைட்ரஜன், வெறும் வட்டம் ஆக்சிஜன், கரிய வட்டம் கரி. ஏறத்தாழ 1810-இல் நண்பர் பீட்டர் ஈவார்ட் அவருக்கு மர உருண்டைகள் செய்தளித்தார். அணு மாணவர் கைக்கு வந்துவிட்டது.

அவர் பிழை செய்யாதவர் அல்லர். இயற்கை எளிய வழியையே நாடும் என்றெண்ணி, தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவுமே உண்டு என்றார். 1811-இல் அவகாட்ரோ உரைத்த உண்மையை, 1860-இல் கானிசாரோ விளக்கிய பின்னரே உலகம் தெளிந்தது. எனினும், ஓர் உருண்டையை மேலும் சேர்த்தால் திருத்திவிடக்கூடிய பிழை அது! முறை அவருடையதே.

1865-இல் ஹாப்மன் என்ற ஜெர்மானியப் பேராசிரியர், லண்டனில் விளையாட்டுப் பந்துகளுக்கு வண்ணமிட்டு மூலக்கூறுகளைக் காட்டினார். அவர் ஆக்சிஜனுக்குத் தந்த சிவப்பே இன்றும் வகுப்பறையில் வழங்குகிறது. டால்ட்டனோ சிவப்பைப் பிறர்போல் காண இயலாதவர். அக்குறையையும் ஆராய்ந்து 1794-இல் கட்டுரை படித்தவர்.

அன்று கதவடைத்த ஆக்ஸ்போர்டு, 1832-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1844 ஜூலை 27-இல் அவர் மறைந்தபோது, நாற்பதாயிரம் பேர் திரண்டு அஞ்சலி செலுத்தினர்.

தோழர்களே! நாம் பட்டம் பெற்றுச் சென்றபின், நம்மிடம் ஒரு சிறுவன் அணுவென்றால் என்னவென்று கேட்கலாம். அவன் கையில் ஓர் உருண்டையைக் கொடுக்கத் தெரிந்தால்தான் நாம் கற்றது கல்வி.