உயிரைக் காத்த கால்பந்து

கால்பந்தாட்டம் பலருக்குப் பணம் தந்திருக்கிறது, புகழ் தந்திருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த பிரிட்ஸ் வால்டருக்கு அது உயிரையே தந்தது. 1954-ம் ஆண்டு மேற்கு ஜெர்மனி முதன் முதலாக உலகக்கோப்பையை வென்றபோது அந்த அணியின் கேப்டன் அவர்தான்.

மைதானமே வீடு

1920-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் பிரிட்ஸ் வால்டர் பிறந்தார். அந்த ஊர்க் கால்பந்து கிளப்பின் உணவு விடுதியை அவருடைய பெற்றோர் நடத்தி வந்தார்கள். ஆகவே பந்தும் மைதானமும் அவருக்குச் சிறு வயதிலேயே பழக்கமாகிவிட்டன. 17 வயதில் கிளப்பின் முதல் அணியில் இடம் பிடித்தார்.

பந்தைத் தடுப்பவர்களுக்கும் கோல் போடுபவர்களுக்கும் நடுவில் நின்று, பந்து எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பதே அவர் வேலை. அணிக்கு மூளை போன்றவர். கோல் போடுவதிலும் அவர் சளைத்தவர் அல்ல. 1940-ம் ஆண்டு ஜூலையில் ருமேனியாவை எதிர்த்து, தேசிய அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே 3 கோல் போட்டார்.

கைதி முகாமில்

உலகப்போர் அவரைப் படைவீரராக்கியது. 1942-க்குப் பிறகு தேசிய அணியின் ஆட்டங்கள் நின்று போயின. போர்க்காலத்தில் மலேரியா காய்ச்சலும் அவரைப் பிடித்துக் கொண்டது.

1945-ல் போர் முடிந்தபோது அவர் ரஷியர்களின் கைதி. ருமேனிய எல்லையில் இருந்த ஒரு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து கைதிகள் ரஷியாவுக்கு அனுப்பப்பட்டு வந்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

ஒரு நாள் காவலர்கள் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். வால்டரும் சேர்ந்துகொண்டார். காவலர்களில் ஒருவர் ஹங்கேரிக்காரர். 1942-ல் புடாபெஸ்டில் ஜெர்மனி 5-3 என்ற கோல் கணக்கில் ஹங்கேரியை வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர். வால்டரை அடையாளம் கண்டுகொண்ட அவர் உதவியதால், ரஷியா செல்லும் பட்டியலில் வால்டரின் பெயர் சேரவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வால்டர் ஊர் திரும்பினார்.

ஊரை விடவில்லை

போரால் சீரழிந்த ஊரில் கிளப்பை மீண்டும் தூக்கி நிறுத்தினார். 1951, 1953 ஆகிய ஆண்டுகளில் கைசர்ஸ்லாட்டர்ன் அணி ஜெர்மன் சாம்பியன் ஆயிற்று.

ஸ்பெயினில் இருந்து பெரும் பணத்துடன் அழைப்பு வந்தது. ஜெர்மனியில் அன்று ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த சம்பளமோ சொற்பம். ஆனாலும் வால்டர் போக மறுத்துவிட்டார். சலவை நிலையமும் சினிமா தியேட்டரும் நடத்தி, சொந்த ஊரிலேயே இருந்தார். கடைசி வரை வேறு கிளப்புக்கு ஆடவே இல்லை.

பெர்ன் மழை

1954 உலகக்கோப்பைப் போட்டி சுவிட்சர்லாந்தில் நடந்தது. ஹங்கேரி அணி நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாதது. முதல் சுற்றில் ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கியது. எனினும் ஜெர்மனி தப்பிப் பிழைத்தது. அரை இறுதியில் ஆஸ்திரியாவை 6-1 என்று வென்றது. அதில் வால்டர் 2 கோல். அவர் தம்பி ஒட்மார் 2 கோல்.

ஜூலை 4-ந் தேதி பெர்ன் நகரில் இறுதி ஆட்டம். எதிரில் மீண்டும் ஹங்கேரி. அன்று மழை கொட்டியது. மலேரியாவுக்குப் பிறகு வெயில் என்றால் வால்டர் சோர்ந்துவிடுவார். மழை அவருக்கு உகந்தது. ஜெர்மனியில் இன்றும் மழை நாளை 'பிரிட்ஸ் வால்டர் வானிலை' என்பார்கள்.

எட்டு நிமிடத்துக்குள் ஹங்கேரி 2 கோல் போட்டது. ஜெர்மனி கலங்கவில்லை. 18-வது நிமிடத்தில், வால்டர் அடித்த கார்னர் பந்து கோலில் முடிந்து கணக்கு 2-2 ஆனது. 84-வது நிமிடத்தில் ரான் போட்ட கோல் கோப்பையைத் தந்தது. எந்த நாட்டுக்காரர் தம் உயிரைக் காத்தாரோ, அந்த நாட்டையே வென்று கோப்பை வாங்க நேர்ந்தது வால்டருக்கு. அப்போது அவருக்கு வயது 33.

சிறைகளுக்குச் சென்றார்

1958 உலகக்கோப்பையிலும் 37 வயதில் ஆடினார். சுவீடனுடன் நடந்த அரை இறுதியில் காயமடைந்தார். தேசிய அணிக்கு அதுவே கடைசி ஆட்டம். மொத்தம் 61 ஆட்டங்கள், 33 கோல்கள். போர் விழுங்கிய ஆண்டுகள் இந்தக் கணக்கில் இல்லை. 1959-ல் ஓய்வு பெற்றார்.

பிற்காலத்தில் சிறைச்சாலைகளுக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்து, திருந்தி வாழ ஊக்கம் அளித்தார். தாமும் ஒரு காலத்தில் கைதியாக இருந்தவர் அல்லவா?

1985-ல் கைசர்ஸ்லாட்டர்ன் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2002-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, தமது 81-வது வயதில் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் 17-ந் தேதி, அந்த மைதானத்தில் இத்தாலியும் அமெரிக்காவும் உலகக்கோப்பை ஆட்டம் ஆடின.