37 வருஷம் கிராமத்து வாத்தியார்: பாரதிதாசனின் அதிகம் பேசப்படாத பக்கம்

தியாகதுருகத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் எல்லாம் தாண்டி, புதுவை நகரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் திருபுவனை என்ற ஊர் வரும். பெரும்பாலானோர் ஜன்னலோரம் தூங்கியபடியே கடந்துவிடுகிற ஊர். நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒருவரை பிரெஞ்சு அரசு பிடித்து, ஒன்றேகால் ஆண்டு சிறையில் வைத்தது. அவர் பெயர் கனகசுப்புரத்தினம். நமக்குத் தெரிந்த பெயர், பாரதிதாசன்.

புரட்சிக்கவிஞர் என்றதும் மேடையும் மீசையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1909 முதல் 1946 வரை அவர் மாதச் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர். வாழ்நாளில் சரிபாதி, 37 வருஷம், கரும்பலகை முன்னால் கழிந்திருக்கிறது.

1891 ஏப்ரல் 29 அன்று புதுவையில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ் முறையாகப் படித்து, 18 வயதில் வேலை கிடைத்தது. போஸ்டிங் எங்கே? காரைக்கால் பக்கத்தில் உள்ள நிரவி. புதுவையில் இருந்து சுமார் 130 கிலோமீட்டர். இத்தனைக்கும் பாரதியார் புதுவைக்கு வந்து தங்கியிருந்த காலம் அது. ஒரு கல்யாண வீட்டில் பாரதி பாட்டைப் பாடியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாரதியும் ஒருவர் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அறிமுகம்தான் அவரை மாற்றியது.

அன்றைய பிரெஞ்சு இந்தியா ஒரே துண்டு நிலம் கிடையாது. தியாகதுருகம் உட்பட சுற்றியிருந்த தென்னாற்காடு முழுக்க பிரிட்டிஷார் கையில். நடுநடுவே தீவுகள் மாதிரி பிரெஞ்சு கிராமங்கள். அங்கே வாத்தியார் வேலை என்றால், எந்தத் துண்டுக்கு வேண்டுமானாலும் டிரான்ஸ்ஃபர் வரலாம். கல்வராயன் மலைப் பள்ளிக்கு போஸ்டிங் வாங்கியவர்களுக்கு இந்தக் கஷ்டத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவரும் ஊர் ஊராக மாறினார்.

திருபுவனை விவகாரம் நடந்தது முதல் உலகப் போர் முடிந்த சமயம். அரசுக்கு எதிராகச் செயல்பட்டார் என்பது குற்றச்சாட்டு. பிறகு அரசே தவறை உணர்ந்து விடுவித்தது. ஆனால் வேலை போய்விட்டது. இங்கே அவர் செய்த காரியம் முக்கியமானது. வேலை நீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட்டார், ஜெயித்தார், அதே வாத்தியார் வேலைக்குத் திரும்பினார். பயந்து அடங்கிப்போனாரா என்றால், அதுவும் இல்லை. 1920-ல் பழநி அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டார். அந்தச் சமயத்தில்தான் கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதும்.

அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதுவது கத்தி மேல் நடப்பது மாதிரி. கிண்டல்காரன், கிறுக்கன், கண்டழுதுவோன் என்று அவருக்குப் பல புனைபெயர்கள் இருந்தன. நிலைத்தது பாரதிதாசன்தான். பிராமணர் ஒருவரின் பெயரையா வைத்துக்கொள்வது என்று பின்னாளில் சுயமரியாதை இயக்கத்தாரே விமர்சித்தபோதும் அவர் மாற்றவில்லை. 1926-ல் மயிலம் முருகன் மீது துதிப்பாடல் எழுதியவர், 1928-ல் அந்த இயக்கத்துக்கு வந்து கடவுள் மறுப்பை எழுதத் தொடங்கினார். அப்போதும் காலையில் பள்ளிக்கூடம் உண்டு!

அவருடைய கவிதை இவ்வளவு எளிமையாக இருப்பதற்கு வகுப்பறையும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். கடைசி பெஞ்சுப் பையனுக்கும் புரியவேண்டும் என்று பேசிப் பழகியவரின் மொழி அது. 1930-லேயே சிறுவர் சிறுமியருக்காகப் பாட்டுப் புத்தகம் போட்டார். 1942-ல் வந்த ‘குடும்ப விளக்கு’ படித்த பெண்ணின் வீட்டைக் காட்டியது. 1944-ல் வந்த ‘இருண்ட வீடு’ படிப்பே நுழையாத வீட்டைக் காட்டியது. வீட்டில் படிப்பு இல்லை என்றால் என்ன ஆகும் என்பதைக் கிராமத்து வாத்தியாரைவிட யார் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க முடியும்?

1946 ஜூலையில் சென்னையில் அண்ணா முன்னின்று 25,000 ரூபாய் பொற்கிழி கொடுத்தார். அப்போதும் அவர் வேலையில்தான் இருந்தார். நவம்பரில்தான் ஓய்வு. 1955-ல் புதுவை சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அப்புறம் ‘பாண்டியன் பரிசு’ காவியத்தைப் படமாக்கும் ஆசையில் சென்னைக்குக் குடிவந்தார். அது நடக்கவில்லை. 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையில் காலமானார். ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்கு சாகித்ய அகாடமி விருது வந்தது 1969-ல்.