கார்னெட் ஊதிய சிறுவன்

ஜாஸ் என்றதும் பெரிய ஓட்டல்களில் ஒலிக்கும் பணக்கார இசை என்றே பலர் நினைக்கிறோம். அது பிறந்தது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கருப்பின மக்களிடையே. அந்த இசையின் முகமாக விளங்கிய லூயி ஆம்ஸ்ட்ராங் 1901 ஆகஸ்ட் 4 அன்று அங்கே ஓர் ஏழைக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை கைவிட்டுப் போனார். சிறுவயதிலேயே யூதக் குடும்பம் ஒன்றின் வண்டியில் பழைய சாமான் சேகரித்து, நிலக்கரி விற்றுப் பிழைத்தார்.

1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார். பிடித்துக் கொண்டுபோய்க் கருப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைத்தார்கள். அங்கிருந்த பேண்டு வாத்தியக் குழுவில் முதலில் கஞ்சிரா போன்ற டாம்போரின் கிடைத்தது. பிறகு டிரம், பியூகிள், கடைசியில் கார்னெட். கற்றுக்கொடுத்தவர் பீட்டர் டேவிஸ்.

கார்னெட் என்பது டிரம்பெட்டின் குட்டைத் தம்பி. பித்தளைக் குழலில் மூன்று பொத்தான்கள் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் உதடும் மூச்சும்தான். அக்கால ஜாஸ் குழுவில் கார்னெட் மெட்டைப் பிடிக்கும், கிளாரினெட் அதற்கு மேலே பின்னிச் செல்லும், நீண்டு சுருங்கும் டிராம்போன் கீழே தாங்கும். டிரம்மும் பாஞ்சோவும் தாளம் காக்கும். இவற்றில் பாஞ்சோவின் மூதாதை, அடிமைகளாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சுரைக்குடுக்கை வாத்தியம். குழல்களோ ஐரோப்பிய ராணுவ பேண்டுகளில் ஊதப்பட்டவை.

1922இல் கிங் ஆலிவர் அழைக்க, சிகாகோ சென்று இரண்டாம் கார்னெட் வாசித்தார். தனியாக முன்னேறு என்று அவரைத் தள்ளியவர், அதே குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின். பின்னர் அவரை மணந்தவர். பலர் இவரை மனைவி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவர் தேர்ந்த கலைஞர், இசையமைப்பாளரும்கூட. 1925 முதல் 'ஹாட் ஃபைவ்' குழுவோடு ஆம்ஸ்ட்ராங் வெளியிட்ட இசைத்தட்டுகள் ஜாஸையே மாற்றின. எல்லோரும் சேர்ந்து வாசித்த இசையில், ஒருவர் தனித்து நின்று அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிப்பது மையமாயிற்று. பிறகு அவர் டிரம்பெட்டுக்கு மாறினார்.

புகழோடு 1931இல் ஊர் திரும்பினார். வானொலியில் ஒரு கருப்பரை அறிமுகப்படுத்த வெள்ளை அறிவிப்பாளர் மறுத்துவிட்டார். ஆம்ஸ்ட்ராங் தாமே ஒலிபெருக்கி முன் நின்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

வெள்ளையரைச் சிரித்து மகிழ்விப்பவர் என்று சொந்த மக்களே அவரைக் குறைகூறியதுண்டு. ஆனால் 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கருப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தபோது, குடியரசுத் தலைவரையே வெளிப்படையாகச் சாடினார். அரசு சார்பில் சோவியத் ஒன்றியம் செல்லும் பயணத்தையும் மறுத்தார். பணமும் வாய்ப்பும் போகக்கூடிய நேரத்தில் பேசிய பேச்சு அது.

கருப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பதை லூசியானா மாநிலம் 1956இல் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அவர் குழுவிலோ இருவரும் இருந்தார்கள். அவர்களைப் பிரித்துவிட்டு வாசிக்க அவர் வரவில்லை. 1965இல்தான் அந்தக் குழுவோடு மீண்டும் நியூ ஆர்லியன்ஸ் மேடை ஏறினார். 1971 ஜூலை 6 அன்று நியூயார்க்கில் இறந்தார். அங்கேயே குயின்ஸ் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார்.